புது பேடில்போர்டுல ஏறினா காலு கிடுகிடுன்னு ஆடுது, தப்பு போர்டு மேலயா என் மேலயா?

கேள்வி: காத்தடிச்சு நிரப்புற ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டு (தண்ணியில நின்னுக்கிட்டே துடுப்பு போடுற பலகை) புதுசா வாங்கினேன். பத்தரை அடி நீளம், 32 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் கனம். என் எடை 84 கிலோ. முதல் நாள் ஏரியில இறக்கி எந்திரிச்சு நின்னா நடுவுல தூளி மாதிரி தொய்யுது, முட்டி நடுங்குது, இடது பக்கம் துடுப்பு போட்டா வலது பக்கமே திரும்பிக்கிட்டு போகுது, அரை மணி நேரத்துல பாதம் மரத்துப் போச்சு. பம்படிச்சு கை விட்டுப்போனதால 9 பிஎஸ்ஐ அழுத்தத்தோட நிறுத்திட்டேன். போர்ட திருப்பி குடுத்துரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன அந்த 9-லதான் பாதி பதில் இருக்கு.

இந்த போர்டு உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா ஏன்னு புரியும். மேல் துணிக்கும் கீழ் துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான பாலியஸ்டர் நூல் நெருக்கமா தைச்சிருப்பாங்க, டிராப் ஸ்டிட்ச்னு பேரு. காத்து ஏற ஏற அந்த நூலெல்லாம் விறைச்சுக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும், அதனாலதான் மெத்தை மாதிரி உப்பாம பலகை மாதிரி தட்டையா நிக்குது. ஆனா அந்த பலகைத்தனம் முழுக்க காத்தோட அழுத்தத்துலதான் இருக்கு, உள்ள கட்டையோ கம்பியோ எதுவும் கிடையாது. பெரும்பாலான போர்டுக்கு 12-லருந்து 15 பிஎஸ்ஐ, சிலதுக்கு அதுக்கும் மேல. உங்களுதுக்கு எவ்வளவுன்னு வால்வு பக்கத்துலயோ கையேட்டுலயோ போட்டிருக்கும், அதைத் தாண்டாதீங்க. 9-ல நிறுத்திட்டு 84 கிலோ ஆளு நடுவுல நின்னா தொய்யாம என்ன செய்யும்? தொய்ஞ்சா மூக்கும் வாலும் தூக்கிக்கும், தண்ணியைத் தள்ளிக்கிட்டு போகும், ஆட்டமும் கூடும்.

பம்படிக்கிறதுல ரெண்டு விஷயம். ஆரம்பத்துல பம்புல அழுத்தம் காட்டுற கேஜ் ஊசி அசையவே அசையாது, போர்டு நல்லா உருவம் எடுத்த பிறகுதான் மெல்ல எந்திரிக்கும், அதுக்குள்ள "கேஜ் போச்சு"ன்னு முடிவு கட்டுறவங்க நிறைய பேரு. அடுத்தது, 7, 8 வந்ததும் பம்புல இருக்கிற சின்ன மூடியையோ லீவரையோ மாத்தி, கீழ அமுக்கும்போது மட்டும் காத்து போற மாதிரி வச்சுக்கோங்க, மேல இழுக்கும்போதும் காத்து தள்ளுற மோடுலயே அடிச்சா கை கழண்டுரும். கைய நேரா நீட்டி வச்சுக்கிட்டு இடுப்ப வளைச்சு உடம்பு எடைய மொத்தமா பம்பு மேல இறக்குங்க, தோள் வலியே பாதி குறைஞ்சுரும். கடைசி 4, 5 பிஎஸ்ஐதான் உயிரை எடுக்கும், நடுவுல மூச்சு வாங்கிட்டு அடிச்சா போதும், யாரும் துரத்தல. குழாய கழட்டுறதுக்கு முன்னாடி வால்வு நடுவுல இருக்கிற சின்ன குமிழ் மேல தூக்கிக்கிட்டு இருக்கணும், அமுங்கி இருந்தா அடிச்ச காத்தெல்லாம் ஒரே புஸ்ஸுல வெளிய வந்துரும் (எனக்கு வந்திருக்கு, அன்னைக்கு தண்ணியில இறங்கவே தோணல).

வெயிலும் கணக்குல வரும். 25 டிகிரியில 15 பிஎஸ்ஐ வச்ச போர்டு வெயில்ல கிடந்து உள்ள காத்து 45 டிகிரி ஆச்சுன்னா அழுத்தம் கிட்டத்தட்ட 17-க்கு ஏறிரும். அதனால முழுசா காத்தடிச்சு கரையில காய விடாதீங்க, தண்ணியிலயோ நிழல்லயோ போடுங்க. வெயில்ல சூடான போர்டு குளிர்ந்த தண்ணியில இறங்கினா அழுத்தம் குறையும், அதையும் லீக்னு நினைச்சு பயந்துராதீங்க.

சரி, இனி உங்க பக்கம். போர்டு நடுவுல தூக்குறதுக்கு ஒரு கைப்பிடி இருக்குல்ல, பொதுவா அதுதான் சமநிலை இடம். முதல்ல மண்டி போட்டு அதுக்கு ரெண்டு பக்கமும் முட்டிய வச்சு பத்து இருபது தடவை துடுப்பு போட்டுட்டு, அப்புறம் முட்டி இருந்த இடத்துலயே ஒவ்வொரு காலா வச்சு எந்திரிங்க. பாதம் ரெண்டும் தோள் அகலத்துக்கு, முட்டி லேசா மடங்கி, கண்ணு தூரத்துல. காலப் பார்த்தீங்கன்னா விழுவீங்க, இது மட்டும் எழுதி வச்சுக்கலாம். பாதம் மரத்துப் போறது ஏன்னா பயத்துல கால் விரலால போர்ட கவ்விப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறது. விரல அப்பப்போ தூக்கி ஆட்டுங்க, ரெண்டு மூணு தடவை போனா தானா சரியாகும். நின்ன இடத்துல சும்மா நிக்கிறத விட துடுப்பு போட்டுக்கிட்டே இருந்தா ஆட்டம் குறையும், சைக்கிள் மாதிரிதான்.

இடது பக்கம் போட்டா வலது பக்கம் திரும்புறது எல்லா போர்டுலயும் உண்டு. ஆனா ஒரேயடியா சுத்துதுன்னா முதல்ல ஃபின் (அடியில வால் பக்கம் மாட்டுற தகடு) மாட்டியிருக்கீங்களா, அதோட வளைவு பின்பக்கம் பார்த்திருக்கான்னு பாருங்க. அடுத்து துடுப்பு. அகலமான முனை கைத்தண்டுலருந்து லேசா சாய்ஞ்சிருக்கும், அந்த சாய்வு முன்னாடி பார்த்து இருக்கணும், கரண்டியால தண்ணி அள்ளுற மாதிரி திருப்பி பிடிக்கிறதுதான் புதுசா வர்ற பாதி பேரு செய்யுற தப்பு. மேல் கைய போர்ட தாண்டி தண்ணிக்கு மேல கொண்டுபோய் துடுப்ப செங்குத்தா, போர்டு ஓரத்த ஒட்டி இழுங்க, பாதம் வந்ததும் எடுத்துருங்க. பாதத்தத் தாண்டி பின்னால வளைச்சு இழுக்க இழுக்க மூக்கு திரும்பத்தான் செய்யும். துடுப்போட நீளம் உங்க உயரத்த விட ஒரு சாண் அதிகமா இருந்தா ஆரம்பத்துக்குப் போதும்.

நீங்க கேக்காத ஒண்ணு, காத்து. இந்த வகை போர்டு எடை கம்மி, தடிமன் ஜாஸ்தி, பாய்மரம் மாதிரி காத்து பிடிச்சுக்கும். கரையிலருந்து உள்பக்கமா அடிக்கிற காத்து இருக்கிற நாள்ல இறங்காதீங்க, போறப்ப சொகமா போகும், திரும்ப வர முடியாது. மாட்டிக்கிட்டா மண்டி போட்டோ படுத்தோ கையால தள்ளுங்க. லைஃப் ஜாக்கெட்டும், ஏரி மாதிரி ஓடாத தண்ணின்னா கால்ல லீஷும் (போர்டையும் உங்களையும் பிணைக்கிற கயிறு) கட்டாயம். ஆத்துல ஓடுற தண்ணிக்கு கால் லீஷ் ஆபத்து, எங்கயாவது சிக்கிக்கும், இடுப்புல ஒரே இழுப்புல கழண்டுர்ற வகைதான் வேணும்.

போர்டு தப்பா இல்லையான்னு இப்படி பாருங்க: சொன்ன அளவு காத்தடிச்சு நிழல்ல ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் அதே நேரத்துல கேஜ் வச்சு பாருங்க. கேஜ் மாட்டும்போது கொஞ்சம் காத்து குழாய்க்கு போகும், ஒண்ணு ஒண்ணரை குறைஞ்சா கண்டுக்காதீங்க. பாதிக்கு பாதி இறங்கியிருந்தா வால்வுலயும் ஓரத் தையல்லயும் சோப்புத் தண்ணி தடவி நுரை எங்க வருதுன்னு பாருங்க. வால்வுல வந்தா, போர்டோட வர்ற ரெஞ்ச் வச்சு இறுக்கினாலே பெரும்பாலும் நின்னுரும், தையல்ல வந்தா மட்டும் பில்லைத் தேடுங்க.