இந்தக் கவிதையில் குளம் யார்? நீளும் உருவகத்தை எப்படி விளங்கிக்கொள்வது?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் கவிதை இது:

மாரி பொய்த்தும்
துருசு மட்டத்துக்கு மேலே
கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கிறது குளம்.
கூட்டம் கூடி எழுதிக்கொண்டு போனார்கள்,
இம்முறையும் சிறுபோகம் இல்லை.
விதைநெல் பழசாகிறது.
குளக்கட்டில் மண் சரிகிறது.
வீதிப் பக்கம் திரும்பியிருக்கிறது குளம்.
கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
துருசு இன்னும் திறபடவில்லை.

"குளம் காணாமல் போன பிள்ளையின் தாய், தண்ணீர் கண்ணீர், அவ்வளவுதானே? பிறகு துருசு, சிறுபோகம் எல்லாம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாய் சரி. கண்ணீர் பிழை. ஏன் பிழை என்பதைக் குளத்தை வைத்தே சொல்லலாம். நான் கிளிநொச்சிப் பக்கம், வயல் செய்கிற குடும்பம்.

துருசு என்பது குளக்கட்டுக்கு அடியால் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு. அதன் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்கு வராது. மாடு குடிக்கும், மீன் கிடக்கும். மேலே நிற்பது வேறு கணக்கு: துருசைத் தூக்கினால் பாயும். கவிதை தெளிவாக 'மேலே' என்கிறது. விடக்கூடிய தண்ணீரை விடாமல் வைத்திருக்கிறது குளம். எங்களுக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர் அடுத்த விதைப்பு. காலபோகம் என்ற மாரிக்கால நெற்செய்கை மழையோடு ஓடிவிடும். அதற்குப் பிறகு கோடையில் செய்யும் சிறுபோகம் முழுக்கக் குளத்தை நம்பியது. அந்தத் தாய் கையில் வைத்திருப்பது வரவேண்டிய ஒருவருக்கென்று ஒதுக்கிய பங்கு. அதை அழுகை என்று வாசித்தால் 'விதைநெல் பழசாகிறது' என்ற வரிக்கு வேலையே இல்லாமல் போய்விடும். விதைநெல்லை நெடுநாள் வைத்திருந்தால் முளைப்பு குறையும். தண்ணீர் இருக்கிறது, நெல் இருக்கிறது, காலம் மட்டும் போகிறது.

இனி அந்தக் கூட்டம். சிறுபோகத்துக்கு முன்னால் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகமும் கூடி, நிற்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய குளமான இரணைமடுவிலும் இதுதான் வழக்கம். ஆனால் 'எழுதிக்கொண்டு போனார்கள்' என்ற சொல் வயலோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழு, 2014 ஜனவரியில் கிளிநொச்சியில் அமர்ந்து முறைப்பாடுகளைக் கேட்டது. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். 2018இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு ஆணையாளர்களை நியமித்தார்கள். இத்தனைக்கும் பிறகு வன்னியில் ஒருவர் 'எழுதிக்கொண்டு போனார்கள்' என்று எழுதினால் எங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. 'இம்முறையும்' என்பதில் உள்ள 'உம்'மையும் கவனியுங்கள்.

அதற்காக ஊரில் நடந்த எல்லாவற்றையும் கவிதைமேல் கொட்டக்கூடாது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை இங்குள்ள கமக்காரர் எதிர்த்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். குளம், திறபடாத துருசு என்றதும் அதைத்தான் சொல்கிறார் என்று வாதாட ஆள் வரும். அந்தப் பிரச்சினையும் உண்மைதான், இதே மண்ணில் நடந்ததுதான். ஆனால் கவிதையில் குழாயும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. பஸ் இருக்கிறது. குளம் பஸ் பார்ப்பதில்லை, மனிதர்தான் பார்ப்பார்கள். பொருத்தம் வேண்டுமென்றே உடைகிற இடம் அது. எந்தச் சூழலை எடுக்க வேண்டும் என்று கவிதை அங்கேதான் காட்டிக்கொடுக்கிறது. ஒரு நீண்ட உருவகத்தை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இப்படி ஒட்டாமல் நிற்கும் வரியைத்தான். குளத்தைக் குளமாகவே கடைசிவரை வாசித்துவிட்டு, பிறகு அதைத் தேடுவேன்.

பழைய இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. சொல்ல வந்த பொருளை மறைத்து, அதை ஒத்த வேறொன்றை மட்டும் சொல்வதைத் தண்டியலங்காரம் ஒட்டு என்கிறது. தொல்காப்பியமோ, வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறு பொருளை வைக்கும் உள்ளுறைக்குத் தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களே, அதாவது அந்தந்த நிலத்துக்கு உரியவையே, நிலைக்களம் என்கிறது. அந்த நிலத்தின் நீர், பயிர், தொழில் தெரியாதவருக்கு உள்ளுறை பிடிபடாது. உங்களுக்குத் துருசு தடுக்கியதும் அதனால்தான். கவிதை வாசிக்கத் தெரியாமல் இல்லை.

ஒன்றுக்கு ஒன்று என்று பட்டியல் போட்டு எல்லா வரிக்கும் விடை தேடாதீர்கள். 'குளக்கட்டில் மண் சரிகிறது' என்ற வரி எனக்கு ஒத்துவரவே இல்லை. கட்டுக்கு ஆபத்து பெரும்பாலும் குளம் நிறைந்து அலை அடிக்கும்போதும் மழை அரிக்கும்போதும்தான். மாரி பொய்த்து, தண்ணீர் துருசு மட்டத்தை ஒட்டி நிற்கிற வருசத்தில் கட்டுக்கு என்ன வந்தது? மாடு ஏறி மிதித்தது என்று சமாளிக்கலாம், ஆனால் கவிதையில் மாடு இல்லை. தாயின் உடம்பு தளர்வதை எழுத நினைத்த கவிஞர் அந்த ஒரு வரியில் குளத்தை மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். அதை வெட்டியிருந்தால் விதைநெல்லில் இருந்து நேரே வீதிக்கு வந்திருக்கலாம்.