விண்டோஸ் 11-ஐப் போய் ‘விண்டோஸ் 8’ என்கிறதே!

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருக்கிறது. பில் போடும் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், ‘இது விண்டோஸ் 8, குறைந்தது 10 வேண்டும்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. சர்வீஸ்காரர் ‘டூப்ளிகேட் விண்டோஸ் சார், ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்கிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்.

விண்டோஸ் பட்டனையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். அதில் பில்ட் (விண்டோஸின் உள்வெளியீட்டு எண்) என்ற இடத்தில் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுடையது 11-தான்.

அப்புறம் ஏன் 8 என்கிறது? புது விண்டோஸ் எனக்குத் தெரியும் என்று சாஃப்ட்வேர் தன்னோடு ஒரு குறிப்பு கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால், விண்டோஸ் தன் உள் எண்ணை 6.2, அதாவது 8, என்றே சொல்லிக்கொள்ளும். பழைய புரோகிராம்கள் மிரளாமல் இருக்க 2013-இல் 8.1 வந்தபோது செய்த ஏற்பாடு இது. இத்தனை வருடம் கழித்தும் அந்த நாலு வரிக் குறிப்பைச் சேர்க்காமல், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் ஏ.எம்.சி. (பராமரிப்புக் கட்டணம்) மட்டும் கறாராக வசூலிக்கிறார்கள்!

இன்னொன்றையும் பாருங்கள். செட்டப் ஃபைலில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்கே ‘கம்பாட்டிபிலிட்டி மோடு’ என்பதில் யாராவது டிக் போட்டிருந்தால் விண்டோஸ் வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சர்வீஸ்காரர் விடமாட்டார். விண்டோஸ் தன் விவரங்களைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, ‘பாருங்கள், விண்டோஸ் 10 என்றுதானே இருக்கிறது’ என்பார். அசல் 11-லும் அங்கே அப்படித்தான் இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணும் 10.0-தான், அதை மைக்ரோசாஃப்ட் மாற்றவே இல்லை. பில்ட் எண் ஒன்றுதான் 10-ஐயும் 11-ஐயும் பிரித்துக் காட்டும். இந்தக் குழப்பத்தைக் காட்டியே காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் இப்படி நம்பி ஃபார்மட் அடித்து, இரண்டு வருட பில்லைத் தொலைத்தார். போட்டுக் கொடுத்ததும் திருட்டு விண்டோஸ்தான்.

டிக் இல்லை, அப்படியும் நிற்கிறது என்றால் கோளாறு செட்டப்பில். பில்ட் எண் தெரியும் திரையைப் படம் எடுத்து, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, புது செட்டப் கேளுங்கள். அவர்களும் முதலில் ‘ஃபார்மட் செய்யுங்கள்’ என்றுதான் சொல்வார்கள். விடாதீர்கள்.