இசை இதழுக்கு அட்டை: கேட்டீர்கள், சொல்கிறேன்

அட்டைக்கு ஃபைல் என்ன அளவில் திறக்கணும் சார்?

ஏ4 இதழ் என்றால் 210 x 297 மி.மீ. வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாமலிருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டிப்போக விடும் கூடுதல் ஓரம். ஆக 216 x 303 மி.மீ., 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி). அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் 5 மி.மீ. வேண்டும் என்பார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கச்சேரிப் படம்தான் இருக்கு. அகலம் 1080 பிக்சல். போதுமா?

300 டிபிஐ-யில் அது 9 செ.மீ.தான் வரும். பக்கம் முழுக்க இழுத்தால் 127 டிபிஐ-க்கு இறங்கிவிடும், கண் இமையெல்லாம் குழைந்துபோகும். எடுத்தவரிடம் அசல் ஃபைலை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே அட்டையில் போட அனுமதியும் கேட்டுவிடுங்கள். பாடகர் சரி சொன்னால் மட்டும் போதாது, படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. அசல் கிடைக்கவே இல்லையா? இரண்டே நிறத்தில், பெரிய புள்ளிகளாக உடைத்து போஸ்டர் மாதிரி செய்துவிடுங்கள். மங்கலான படத்துக்கு அது நல்ல முகமூடி.

அண்ணா, பாடகியின் தலை இதழ்ப் பெயருக்கு முன்னால் வரணும். வெட்டினால் முடி ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு.

முடியை வெட்டவே வேண்டாம். போட்டோஷாப்பில் கீழே படம், நடுவில் இதழ்ப் பெயர், மேலே அதே படத்தின் நகல் ஒன்று என மூன்று லேயர் (அடுக்கு). மேல் நகலை 'மல்டிப்ளை'யில் (வெள்ளையை மறைத்து, இருட்டைக் கீழ் அடுக்கோடு கலக்கும் முறை) போடுங்கள். பின்புலம் வெளிறியிருந்தால் 'லெவல்ஸ்' (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கொண்டு அந்த நகலில் மட்டும் அதைச் சுத்த வெள்ளையாக்குங்கள். வெள்ளை மறைந்துவிடும், கறுப்பு முடி இழை இழையாக எழுத்தின் மேல் நிற்கும். பிறகு மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தை மறைக்கும் திரை) போட்டு, தலையைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறையுங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் எழுத்தின் நிறம் ஊடுருவும். பெயர் லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு, அந்த இடங்களில் கறுப்பு பூசினால் தீர்ந்தது. இதெல்லாம் வெளிர் பின்புலத்துக்குத்தான். இருட்டு மேடைப் படம் என்றால் முடி ஓரத்தைத் தேர்ந்தெடுக்கும் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அட்டைப்படத்தை வெளிர் திரைக்கு முன்னால் எடுக்கச் சொல்லி நான் நச்சரிப்பது இதற்காகவே.

பெயரில் எவ்வளவு மறையலாம்?

அமெரிக்க இசை இதழ் 'ரோலிங் ஸ்டோன்' 1967-லிருந்து வருகிறது. பாதி மறைந்தாலும் வாசகருக்குத் தெரியும். புது இதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. தலை கீழிருந்து மேலே வரும், உகரச் சுழியும் எழுத்தின் அடியில்தான் இருக்கும். 'சுரம்' என்று பெயர் வைத்து, முதல் எழுத்தின் அடியை மறைத்தால் 'சரம்' ஆகிவிடும். இடது பக்கத்தை எப்போதும் திறந்தே விடுங்கள். கடையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கினால் தெரிவது அந்தப் பக்கம்தான். 1986-ல் தொடங்கிய பிரிட்டன் இசை இதழ் 'க்யூ' (Q) தன் ஒற்றை எழுத்தைச் சிவப்புக் கட்டத்தில் இடது மேல் மூலையில் வைத்ததைப் பாருங்கள்.

போட்டோஷாப்பில் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு இடம் மாறி வருது.

பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' காம்போசர் (இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி) என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். யூனிகோடு எழுத்துரு அவசியம். கேட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி மூன்றும் இலவசம்.

திரையில் பளீரென்ற நீல மேடை விளக்கு, அச்சில் செத்துப்போச்சு என்று என் தோழி புலம்புகிறாள். மெஷின் கோளாறா?

மெஷின் பாவம். அந்த நீலம் திரையின் ஒளியில் உண்டு, அச்சில் போடும் நான்கு மையில் கிடையாது. 'ப்ரூஃப் கலர்ஸ்' (அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி) போட்டுப் பார்த்தபடியே வேலை செய்தால் அதிர்ச்சி இருக்காது. நீலத்தைச் சுற்றி இருட்டைக் கூட்டுங்கள், இருக்கிற நீலம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும்.

இலவச மென்பொருள் கிம்ப் போதுமா? போட்டோஷாப் வாங்க வசதியில்லை.

தாராளமாகப் போதும். படத்தை கிம்ப்பில் முடித்து, எழுத்தை ஸ்கிரைபஸில் (பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருள்) வைத்து சிஎம்ஒய்கே, அதாவது அந்த நான்கு மை நிறங்களில் பிடிஎஃப் எடுங்கள். ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், பழைய 1.4-ல் தமிழ் உடையும். சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் ஒரு மை துளியூண்டு விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

பார்கோடை அட்டையின் சிவப்பிலேயே அச்சிட்டால் அழகா இருக்குமே?

அழகாக இருக்கும், கடையில் படிக்காது. ஸ்கேனர்கள் பல சிவப்பு ஒளியில் பார்ப்பவை; சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளைத்தாள். வெள்ளையில் கறுப்பாகவே வையுங்கள்.