கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் அணு எஞ்சின் வாங்குவது உண்மையில் லாபமா?

ராக்கெட் கட்டி ஓட்டும் இந்தக் கணினி விளையாட்டில் சாதாரண டெரியர் எஞ்சின் 390 ஃபண்ட்ஸ் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்), அணு எஞ்சினான நெர்வ் 10,000. இவ்வளவு கொடுத்து வாங்கினால் எரிபொருளில் அந்தப் பணம் திரும்பி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பல் பெரியதாக இருந்து, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டப் போகிறீர்கள் என்றால் கண்டிப்பாக வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அணு எஞ்சினில் வெப்பம் தருவது ஒன்று, பின்னால் பீய்ச்சிக் கப்பலைத் தள்ளுவது இன்னொன்று. 1969-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்த நெர்வா எஞ்சினின் திறன் சுமார் 1,100 மெகாவாட். அப்படி ஓர் எஞ்சின் முழு வீச்சில் ஒரு மணி நேரம் ஓடினால் பிளவுபடும் யுரேனியம் 50 கிராம்கூட இருக்காது. அதே நேரத்தில் வெளியேறும் ஹைட்ரஜனோ 100 டன்னைத் தாண்டும். எனக்கு இந்த எஞ்சின்மேல் ஆசை வந்ததே இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். ஆக, யுரேனியச் செலவை மறந்துவிடலாம், தொட்டியில் நிரப்புவதற்குத்தான் காசு.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இரண்டு எஞ்சினுக்கும் உந்துவிசை ஒன்றுதான், 60 கிலோநியூட்டன். டெரியரின் எடை அரை டன், ஐஎஸ்பி (எரிபொருள் சிக்கனத்தின் அளவு, கூடக்கூட நல்லது) 345 வினாடி. நெர்வ் 3 டன், 800 வினாடி. 20 டன் சரக்கின் வேகத்தை வினாடிக்கு 2 கிலோமீட்டர் மாற்ற வேண்டும் என்று வையுங்கள். தொட்டிகளின் எடையைச் சேர்க்காமல் பார்த்தால் டெரியருக்கு 16.5 டன் எரிபொருள் வேண்டும், நெர்வுக்கு 6.7 டன் போதும்.

தரையில் இருக்கும் விலையில் இந்த மிச்சம் ஒன்றுமே இல்லை. டெரியரின் 16.5 டன் சுமார் 1,500 ஃபண்ட்ஸ், நெர்வின் 6.7 டன் சுமார் 1,070. இருபது பயணம் போனாலும் எஞ்சின் விலை தேறாது. ஆனால் எரிபொருளை நீங்கள் தரையிலா எரிக்கிறீர்கள்? அதைச் சுற்றுப்பாதைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே! என் ராக்கெட்டுகளில் ஒரு டன்னை மேலேற்ற ஏறத்தாழ 1,000 ஃபண்ட்ஸ் ஆகிறது. அந்தக் கணக்கில், எஞ்சினின் கூடுதல் எடையைக் கழித்த பிறகும் முதல் பயணத்திலேயே 7 டன் மிச்சம். அப்புறம் மேலேயே நிரப்பி ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 10 டன் மிச்சம். இரண்டாவது பயணத்தில் எஞ்சின் விலை வந்துவிடும்.

சின்னக் கப்பலுக்கு மட்டும் இதை மாட்டாதீர்கள். அதே வேகமாற்றத்துக்கு 2 டன் ஆய்வுக்கலம் டெரியரோடு மொத்தம் 4.5 டன்தான் வரும், நெர்வோடு 6.5 டன் ஆகிவிடும். எஞ்சின் தன்னையே சுமப்பதற்கு எரிபொருளைக் குடிக்கிறது. சரக்கு 6 டன்னைத் தாண்டினால்தான் நெர்வ் முந்தும். வேகமாற்றம் கூடுதலாகத் தேவைப்பட்டால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

விளையாட்டுக்குள் உண்மையான ஹைட்ரஜனைக் கொண்டுவரும் மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) போட்டிருந்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள். திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான், அதனால் தொட்டி பல மடங்கு பெரிதாகும். அது கொதிப்பதோ மைனஸ் 253 டிகிரியில்; நீண்ட பயணத்தில் குளிரூட்டி இல்லாமல் போனால், திரும்பி வர வைத்திருந்தது வழியிலேயே ஆவியாகிப் போய்விடும்.