ஐரோப்பியக் கேடயச் சின்னங்களை ஏன் படத்தை விட்டுவிட்டுச் சொற்களால் விவரிக்கிறார்கள்?

ஓவியம் வரைபவருக்கு வரைபவர் வேறுபடும், விவரணை மாறாது. அதனால் அதுவே சின்னம். இங்கிலாந்தில் இதற்குப் பழைய பிரெஞ்சுச் சொற்கள் நிலைத்தன: 'ஓர்' பொன், 'ஆர்ஜன்ட்' வெள்ளி, 'கியூல்ஸ்' சிவப்பு, 'சேபிள்' கருப்பு. முதலில் பின்புல நிறத்தைச் சொல்வார்கள். 'அஸூர், எ பெண்ட் ஓர்' என்றால் நீலக் கேடயத்தில் வலது மேல்முனையிலிருந்து சாய்வாக இறங்கும் பொன் பட்டை. வலம் என்பது கேடயம் ஏந்தியவருக்கு வலம், பார்க்கும் நமக்கு இடம்; பலரும் தடுமாறுவது இங்கேதான்.

இதே சின்னத்துக்கு ரிச்சர்டு ஸ்க்ரோப், ராபர்ட் குரோவ்னர் என்ற ஆங்கிலேய வீரர்கள் இருவரும் உரிமை கோரி, 1385-இல் தொடங்கிய தகராறு பெரிய வழக்கானது. கவிஞர் சாசர்கூட ஸ்க்ரோப்புக்காகச் சாட்சி சொன்னார்! 1390-இல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்க்ரோப்புக்கே தீர்ப்பளித்தார். குரோவ்னர் குடும்பம் பொன்னிறக் கோதுமைக் கட்டுக்கு மாறியது.