கோர்ஸுக்கு காசு கட்டுறதா, ட்ரெய்னியா உள்ள போறதா?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: "டிப்ளமோ சிவில் முடிச்சிட்டேன் சார். சர்வே டேட்டா ப்ராசஸிங் டெக்னீஷியன் வேலைக்கு ஆசை. ஒரு ட்ரெயினிங் சென்டர்ல ஆறு மாசம், அஞ்சு சாஃப்ட்வேர், வேலை கன்ஃபார்ம்னு சொல்றாங்க, ஃபீஸ் மொத்தமும் முன்னாடியே கட்டணுமாம். இன்னொரு பக்கம் சின்ன சர்வே ஆபீஸ் ஒண்ணுல கம்மி சம்பளத்துக்கு ட்ரெய்னியா கூப்பிடுறாங்க. கணக்குல நான் சுமார்தான். எதுக்கு போகட்டும்?"

தம்பி, ட்ரெய்னியா போங்க. பதில் அவ்வளவுதான். ஆனா இதோட விட்டா நாளைக்கே அந்த சென்டர்ல இருந்து போன் வரும், "இன்னைக்குத்தான் கடைசி நாள், ரெண்டே சீட்தான் இருக்கு"ம்பாங்க, நீங்களும் போய் கட்டிட்டு வந்துருவீங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ஃபீல்டுல ஒரு டீம் டோட்டல் ஸ்டேஷனோ (கோணமும் தூரமும் அளக்கற மெஷின்) ஜிஎன்எஸ்எஸ் ரிசீவரோ (சாட்டிலைட் சிக்னல வச்சு இடத்த கண்டுபிடிக்கற கருவி) வச்சு அளந்துட்டு வந்து டேட்டாவ டவுன்லோட் பண்ணி உங்க கையில குடுப்பாங்க. திறந்து பார்த்தா வெறும் நம்பர்தான், பாயின்ட் நம்பர், ஈஸ்டிங் (கிழக்கால எவ்வளவு), நார்த்திங் (வடக்கால எவ்வளவு), உயரம், பக்கத்துல மரம், ரோடு ஓரம், கம்பம்னு சுருக்கமா ஒரு குறிப்பு. இதுல எது சரி எது தப்புன்னு பார்த்து, கணக்க அட்ஜஸ்ட் பண்ணி, மேப்பாவோ டிராயிங்காவோ ஆக்கிக் குடுக்கறதுதான் வேலை. சென்டர்ல சொல்லிக் குடுக்கறது இதுல கடைசித் துண்டு மட்டும், அதாவது எந்த பட்டன அமுக்குனா கான்டூர் (ஒரே உயரத்துல இருக்கற இடங்கள சேர்க்கற கோடு) வரும்ங்கறது. பட்டன் எங்க இருக்குன்னு ரெண்டு வாரத்துல யாரு வேணா கத்துக்கலாம். வந்த கான்டூர் பொய்யா நெஜமான்னு பார்க்கத் தெரியணும், அதுக்குத்தான் சம்பளம்.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு வாய்க்கால் டேட்டா வந்துச்சு. ப்ராசஸ் பண்ணி அழகா கான்டூர் போட்டுட்டேன், எனக்கே பெருமை. சீனியர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு "தண்ணி மேட்டுக்கு ஏறுதே, பார்த்தியா?"ன்னாரு. பாதி வழியில புதர் மறைக்குதுன்னு ப்ரிஸம் கம்பத்த (மெஷின் குறிபார்க்கற கண்ணாடி மாட்டுன கம்பம்) 1.30 மீட்டர்ல இருந்து 2 மீட்டருக்கு தூக்கியிருக்காங்க, மெஷின்ல அந்த உயரத்த மாத்தல. அதுக்கப்புறம் எடுத்த பாயின்ட் அத்தனையும் 70 சென்டிமீட்டர் மேல போய் உக்காந்துருச்சு. சாஃப்ட்வேருக்கு இது தப்புன்னே தெரியாது, நீங்க என்ன குடுத்தாலும் வழவழன்னு கோடு போட்டுக் குடுத்துரும். ஃபீல்டு புக்க புரட்டுனா ஓரத்துல பென்சில்ல "கம்பம் ஏத்துனது"ன்னு கிறுக்கி வச்சிருக்கு. அந்த ஒரு வரியாலதான் திரும்ப அளக்காம தப்பிச்சோம். இத எந்த ஆறு மாச கோர்ஸ்ல சொல்லித் தர்றாங்க? அங்க குடுக்கற டேட்டா எல்லாம் சுத்தமா கழுவி வச்ச டேட்டா, வருஷா வருஷம் அதே ஃபைல்தான்.

கணக்கு பத்தி பயப்படுறீங்க. பெரிய கணக்கெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கும். உங்களுக்கு வேண்டியது சைன், காஸ், கோணத்த டிகிரி-நிமிஷம்-செகண்ட்ல கூட்டிக் கழிக்கறது, அப்புறம் விடை தப்பா வந்தா உறுத்துற ஒரு மனசு. 30 டிகிரி 30 நிமிஷம்னா 30.5, அத 30.30னு அடிச்சிட்டு முழுநாள் தேடுனவங்கள நிறைய பார்த்திருக்கேன். அஞ்சு மூலை உள்ள டிராவர்ஸ்னா (புள்ளிக்குப் புள்ளி அளந்து சுத்திவர்ற பாதை) உள் கோணம் எல்லாம் கூட்டுனா 540 டிகிரி வரணும், சில செகண்ட் கூடக் குறைய இருந்தா பரவால்ல, அரை டிகிரி தள்ளியிருந்தா எங்கயோ ஒரு ரீடிங் உளறியிருக்கு. சுத்திவந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடிக்கும்போது 1200 மீட்டர் நடைக்கு 6 சென்டிமீட்டர் தள்ளி நின்னா, அது 20,000ல ஒரு பங்கு. இந்த அளவு வகுத்தல் தெரிஞ்சா போதும். ஆனா க்ளோஷர் வரலைன்னா, அதாவது ஆரம்பிச்ச இடத்துல சரியா வந்து சேரலைன்னா, நம்பர கையால தட்டி சரி பண்ணாதீங்க, யாரு சொன்னாலும். அட்ஜஸ்ட்மென்ட்ங்கறது நல்ல அளவுல இருக்கற சின்னப் பிசிற பிரிச்சுக் குடுக்கறது, தப்ப பூசி மெழுகறதுக்கு அந்தப் பேரு வைக்கக் கூடாது.

டேட்டம் (அளவு எதுல இருந்து ஆரம்பிக்குதுங்கறது), ப்ரொஜெக்ஷன் (உருண்டை பூமிய தட்டை மேப்பா ஆக்கற முறை) விஷயத்துல உள்ள நுணுக்கமெல்லாம் இப்ப வேணாம், ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்கோங்க. எந்த ஃபைல் வந்தாலும் "இது எந்த கோஆர்டினேட் சிஸ்டம், உயரம் எதுல இருந்து எடுத்தது"ன்னு கேக்காம திறக்காதீங்க. யூடிஎம்னு ஒரு ப்ரொஜெக்ஷன், அதுல பூமிய 6 டிகிரி அகலத்துல 60 சோனா வெட்டியிருக்காங்க, பக்கத்து சோன மாத்திப் போட்டா உங்க சைட் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி எங்கயோ போய் விழும். அதாவது பரவால்ல, கண்ணுக்குத் தெரியும். யூடிஎம்ல ஒவ்வொரு சோனோட நடுக்கோட்டுலயும் ஸ்கேல் 0.9996, தரையில 1 கிலோமீட்டர் அளந்தா மேப்ல 999.6 மீட்டர்தான் வரும், இந்த 40 சென்டிமீட்டர்தான் கண்ணுக்குத் தெரியாம ஆள கவுக்கும். உயரமும் அப்படித்தான், சாட்டிலைட் குடுக்கறது கணக்குக்கு வச்ச ஒரு வழுவழு உருண்டையில இருந்து, நமக்கு வேண்டியது கடல்மட்டத்துல இருந்து, ரெண்டுக்கும் வித்தியாசம் இலங்கைக்குத் தெக்க கடல்ல 100 மீட்டருக்கு மேலயே போகுது. ஷேப்ஃபைல் (பல ஃபைல் சேர்ந்து வர்ற ஒரு மேப் டேட்டா வகை) அனுப்புறவங்க ஒரே ஒரு ஃபைல மட்டும் அனுப்பிட்டு திறக்கலையான்னு கேப்பாங்க, கூட வரவேண்டிய மத்த ஃபைலையும், முக்கியமா பிஆர்ஜே ஃபைலையும் (கோஆர்டினேட் சிஸ்டம் அதுலதான் எழுதியிருக்கும்) கேட்டு வாங்குங்க.

இப்ப அந்த சென்டர் கதைக்கு வர்றேன். வேலை கன்ஃபார்ம்னா யார் ஆபீஸ்ல, என்ன வேலைக்கு, எவ்வளவு சம்பளத்துக்குன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. குடுக்க மாட்டாங்க, "ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்"னு பேச்ச மாத்துவாங்க, அப்படின்னா பல இடத்துல உங்க பேர வேலைக்கு ஆள் பிடிக்கறவர் லிஸ்ட்ல சேர்த்துட்டு அவர்கிட்ட இவங்க கமிஷன் வாங்குவாங்க, அவரு உங்ககிட்ட தனியா ஒரு தொகை கேப்பாரு. அஞ்சு சாஃப்ட்வேர்ங்கறாங்களே, லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, நிறைய இடத்துல உடைச்ச காப்பிதான் ஓடும், வீட்டுலயும் போட்டுக்கோங்கன்னு பென்டிரைவ்ல வேற குடுப்பாங்க, வைரஸோட. க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர் இலவசம், சட்டப்படியே இலவசம், இன்னைக்கே இறக்கி டிஜிட்டைஸ் பண்ணி (படத்துல இருக்கறத கோடா வரைஞ்சு) பழகலாம், அதுக்கு யாருக்கும் காசு கட்ட வேணாம். எல்லாத்தையும் விட மோசம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வாங்கி வச்சுக்கற கூட்டம். அது சென்டரா இருந்தாலும் சரி, ஆபீஸா இருந்தாலும் சரி, ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, ஒரிஜினல காட்டிட்டு கையோட எடுத்துட்டு வாங்க.

இந்த மாதிரி ஆளுங்க பொழைக்கறதுக்குக் காரணமே வேலைக்கு எடுக்கறவங்கதான். "ஃப்ரெஷர் தேவை, மூணு வருஷ அனுபவம், ஏழு சாஃப்ட்வேர்"னு விளம்பரம் போடுறான், படிச்சவனுக்கு பயம் வந்து கோர்ஸுக்கு ஓடுறான். அந்த ஏழுல ஆபீஸ்ல ஓடுறது ஒண்ணுதான், மத்த ஆறும் ஹெச்ஆர் வேற எங்கயோ இருந்து காப்பி அடிச்சது. எத்தனை இன்டர்வ்யூல உக்காந்து சொல்லிட்டேன், ஒரு ரா டேட்டாவக் குடுத்து தப்பக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கய்யான்னு. கேக்கறதில்ல, சர்டிஃபிகேட்டத்தான் எண்ணுறாங்க.

கோர்ஸுக்கு காசு கட்டுறதுல அர்த்தம் இருக்கற இடம் ஒண்ணே ஒண்ணு, ஸ்டீரியோ ப்ளாட்டிங். வானத்துல இருந்து ஒண்ணுமேல ஒண்ணு படியற மாதிரி படம் எடுப்பாங்க, சாதாரணமா 60 சதவீதம் படியும். ஒரு படத்த ஒரு கண்ணுக்கும் இன்னொண்ண மத்த கண்ணுக்கும் ஸ்பெஷல் கண்ணாடி வழியா காட்டுனா தரை மேடும் பள்ளமுமா எழும்பி நிக்கும், மிதக்கற புள்ளி ஒண்ண அந்தத் தரை மேல சரியா உக்கார வச்சு ரோடு, வீடு, கான்டூர் எல்லாம் வரையணும். அந்த செட்டப் வீட்டுல இருக்காது, கை பழக மாசக்கணக்காகும். ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு கண் டாக்டர்கிட்ட பார்த்துடுங்க. பவர் கண்ணாடி போட்டிருந்தா பிரச்சனை இல்ல. சின்ன வயசுல மாறுகண் இருந்தவங்க, ஒரு கண்ணு சோம்பேறிக் கண்ணா இருக்கறவங்க நிறைய பேருக்கு அந்த ஆழம் தெரியவே தெரியாது, அது அவங்களுக்கே தெரியாம இருக்கும், ஏன்னா மத்த எல்லா வேலையும் நல்லாத்தான் செய்வாங்க. நல்ல கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் ஃபீஸ் கட்டி ரெண்டு மாசம் முட்டி மோதி, தான் மக்குன்னு முடிவு பண்ணி அழுதான், கடைசியில பார்த்தா கண்ணு. சேர்க்கும்போது ஒருத்தரும் டெஸ்ட் பண்ணல, பண்ணா ஒரு அட்மிஷன் போயிடுமே. ட்ரோன் படத்த சாஃப்ட்வேரே சேர்த்து பாயின்ட் க்ளவுட் (ஏகப்பட்ட புள்ளியால ஆன 3டி உருவம்) ஆக்குறது வேற, அதுக்கு இந்தக் கண்ணு வேணாம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சென்டர்காரங்க குழப்புவாங்க.

அந்த சின்ன ஆபீஸ்ல சேருறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. மாசத்துல ரெண்டு மூணு நாளாவது ஃபீல்டுக்கு அனுப்புவீங்களா? நான் செஞ்சத யாரு செக் பண்ணுவா? ரெண்டாவது கேள்விக்கு ஒருத்தர் பேர சொன்னா சேர்ந்துடுங்க, சம்பளம் கம்மின்னாலும் ஒரு வருஷம் இருங்க. "சாஃப்ட்வேரே செக் பண்ணிடும்"னு சொன்னா வேற சின்ன ஆபீஸா தேடுங்க, அப்பவும் சென்டர் பக்கம் போயிடாதீங்க.