பெரிய நிறுவனங்களில் ஈமெயில் அப்யூஸ் குழுவுக்கு ஏன் தனி அதிகாரம் வேண்டும்?

மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் சேவை ஒன்றின் அப்யூஸ் டெஸ்க்கில், அதாவது ஸ்பேம் (கேட்காமல் அனுப்பும் மொத்த மெயில்) போன்ற புகார்களைக் கவனிக்கும் குழுவில், வேலை பார்த்தவன் நான். அதிகாரம் இல்லாவிட்டால் அந்தக் குழுவால் "உங்கள் புகார் கிடைத்தது, நன்றி" என்று பதில் போட மட்டும்தான் முடியும்.

புகாருக்கென்று தனி முகவரி வேண்டும் என 1997-லேயே ஆர்எஃப்சி 2142 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்லிவிட்டது. முகவரி எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைப் படிப்பவரால் ஒரு கணக்கை முடக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஒரு வாடிக்கையாளர் விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலை ஏற்றுகிறார் என்று வையுங்கள். அனுப்ப ஆரம்பித்ததுமே ஸ்பேம் ட்ராப்பில், அதாவது ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்க வைத்திருக்கும் பொறி முகவரியில், மாட்டுகிறார். ட்ராப்பில் ஒரு வகை, எந்த மனிதரும் எப்போதும் பயன்படுத்தாத முகவரி. அதற்கு மெயில் போனாலே 'எல்லாரும் விரும்பிச் சேர்ந்தவர்கள்' என்ற கதை அடிபட்டுப் போகும். நிறுத்தலாம் என்றால் சேல்ஸிலிருந்து போன் வரும்: "சார், குவார்ட்டர் முடியுது, பெரிய அக்கவுன்ட். திங்கட்கிழமை பேசிக்கலாமே?" திங்கட்கிழமைக்குள் மொத்தப் பட்டியலுக்கும் மெயில் போயிருக்கும். அப்புறம் முடக்கி என்ன பயன்?

அடி அவரோடு நிற்பதில்லை. ஒரே ஐபி முகவரியிலிருந்து பல வாடிக்கையாளர்களின் மெயில் போகும். அடுக்ககத்தின் பொதுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு அந்த ஐபியைத் தன் தடைப்பட்டியலில் போட்டால், எந்தத் தப்பும் செய்யாத பள்ளிக்கூடத்தின் கட்டண அறிவிப்பும் திரும்பி வரும். கண்டுகொள்ளாத நிறுவனம் என்றால் பக்கத்து ஐபிகளையும் சேர்த்துவிடுவார்கள். போதாததற்கு 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அனுப்புவோரின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர்!

சேல்ஸ் கை ஓங்கினால் எதுவரை போகும் என்பதற்கு 'பிங்க் கான்ட்ராக்ட்' உதாரணம். ஸ்பேம் அனுப்புகிறவர் என்று தெரிந்தே கையெழுத்தாகும் ஒப்பந்தம் அது. 2000-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி-யில் அப்படி ஒன்று வெளியே வந்தது; கொள்கையை மீறிப் போடப்பட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டு ரத்து செய்தார்கள். கொள்கை காகிதத்தில் இருந்திருக்கிறது, பாருங்கள்.

தவறாக முடக்கிவிட்டால்? முறையிட வழியும், அதை இன்னொருவர் பார்த்து முடிவெடுக்கும் ஏற்பாடும் வேண்டும்தான். ஆனால் முதலில் நிறுத்து, பிறகு பேசு என்ற வரிசை மாறக்கூடாது. குழு சேல்ஸ் தலைவருக்குக் கீழேயும் இருக்கக்கூடாது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: கடைசியாக ஒரு பெரிய வாடிக்கையாளரை எப்போது முடக்கினீர்கள், அதற்கு யார் சம்மதம் தேவைப்பட்டது?